1.45 மீட்டருக்கு மேல் போனால் திரும்பிவிடுவோம்

அடுத்த ஆற்றுப் பயணத்துக்காக வைத்திருக்கும் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது: 1.45. நாங்கள் இறங்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு பாலம், அதன் தூணில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க அளவுகோல் பதித்திருக்கிறார்கள். போய்ச் சேரும் காலையில் தண்ணீர் அதில் 1.45 மீட்டரைத் தாண்டியிருந்தால் கயாக் படகுகளை வண்டியிலிருந்து அவிழ்க்கக்கூட மாட்டோம். ஐந்து பேரும் உட்கார்ந்து பேசி, எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாயிற்று. துடுப்புப் போடப் போவதற்குக் கையெழுத்தெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். போன முறை நடந்ததை நான் அவர்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

ஆற்றின் பெயரை எழுதப் போவதில்லை. இந்தக் கணக்கெல்லாம் எங்கள் ஐந்து பேரின் திறமைக்கும் எங்கள் படகுகளுக்கும் ஏற்ப நாங்கள் போட்டது, இதை நம்பி வேறொருவர் அங்கே போய் இறங்கிவிடக் கூடாது. கணக்குப் போட்ட விதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆற்றுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே ஆற்றுக்கு, இதே ஐந்து பேர் போனோம். பள்ளத்தாக்குக்குள் 38 கிலோமீட்டர், மூன்று நாள். தண்ணீர் 1.4 மீட்டர் அளவில் இருந்தால் நல்லது என்று பேசிக்கொண்டோமே தவிர, அதற்கு மேல் இருந்தால் என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. போய் இறங்கிப் பார்த்தால் 1.9. ஐந்து பேரும் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தோம், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், முதல் சில கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அது நானாகவும் இருக்கலாம், இப்போது ஞாபகமில்லை. மற்றவர்கள் தலையாட்டினார்கள். அரைமணி நேரத்தில் தண்ணீரில் இருந்தோம்.

1.4-க்கும் 1.9-க்கும் அரை மீட்டர்தானே வித்தியாசம் என்று அன்று நினைத்ததுதான் பெரிய தப்பு. ஆறு ஒரு செவ்வகத் தொட்டி கிடையாது. மட்டம் ஏறும்போது அகலமும் கூடுகிறது, ஓடும் வேகமும் கூடுகிறது, ஆகவே ஓடுகிற தண்ணீரின் அளவு மட்டத்தை விட மிக வேகமாக ஏறும். அந்த அளவுகோலுக்கான அட்டவணையைத் திரும்பி வந்த பிறகுதான் தேடி எடுத்துப் பார்த்தேன். 1.4 மீட்டரில் வினாடிக்கு சுமார் 40 கன மீட்டர், அதாவது 1,400 கன அடி. 1.9 மீட்டரில் 75 கன மீட்டர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை, அப்படியென்றால் வினாடிக்கு 75 டன் நம்மைக் கடந்து போகிறது என்று அர்த்தம். அது மட்டுமில்லை, தண்ணீர் ஒரு பொருளின் மேல் மோதும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டிப்பானால் அடி நான்கு மடங்கு. பாறையில் மாட்டிக்கொண்ட படகை இழுக்கும்போது அந்த நான்கு மடங்கு என்னவென்று கை சொல்லும்.

மாட்டியது என் தோழியின் படகு. இரண்டாம் நாள், பள்ளத்தாக்கு குறுகி இரண்டு பக்கமும் சுவர் மாதிரி எழும்பத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால். நான் பின்னால் ஒரு எடியில், அதாவது பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்ப்பக்கமாகச் சுற்றி அமைதியாகக் கிடக்கும் இடத்தில், நின்றுகொண்டிருந்தேன். அவர் படகு பக்கவாட்டில் திரும்பி ஒரு பாறையில் அடித்தது. அப்படியே நின்றுவிட்டது. ஆற்றின் முழு எடையும் படகின் மேல்தளத்தில் ஏறிக்கொண்டது. அவர் முன்பக்கமாகக் குனிந்திருந்தார், முதுகின் மேல் தண்ணீர் வளைந்து போய்க்கொண்டிருந்தது, ஹெல்மெட்டுக்கு முன்னால் ஒரு சாண் அளவுக்கு காற்று இருந்தது. அந்த ஒரு சாணில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கரையேறி ஓடி, பாறைமேல் நின்று கயிறு எறிந்தேன். முதல் எறி எட்டவில்லை. இரண்டாவது அவருக்குக் கீழே விழுந்து ஓட்டத்தோடு போய்விட்டது. மூன்றாவது அவர் தோளில் விழுந்தது, ஒரு கையால் பிடித்தார். கயிற்றை இடுப்பைச் சுற்றி எடுத்து நான் உட்கார்ந்துவிட்டேன், பின்னாலிருந்து இன்னொருவர் என் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் வெளியே வந்தார். படகு வரவில்லை. நான்கு நிமிடம் ஆகியிருக்கும் என்று பிறகு கணக்குப் பார்த்தோம்.

அப்புறம்தான் அடுத்த கஷ்டம். ஐந்து பேர், நான்கு படகு, அவருக்குத் தோள் வீங்கிவிட்டது. எங்கிருந்து மேலே ஏறினால் சாலை வரும் என்று யாருக்கும் தெரியாது. இருட்டுகிற நேரத்தில் ஒரு ஆட்டுத் தடத்தைக் கண்டுபிடித்து, படகுகளைப் பாறைக்கு மேலே கட்டி வைத்துவிட்டு, 11 கிலோமீட்டர் ஏறி நடந்தோம்.

இந்த முறை திட்டம் போடும்போது முதலில் எண்ணை எழுதலாம் என்று சொன்னது அவர்தான். முதல் கையெழுத்தும் அவருடையது.

அந்த எண் எப்படி வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் நிறைய பேர் வானத்திலிருந்து பிடித்து எழுதுகிறார்கள். இதற்கு முன் இந்த ஆற்றில் போனவர்களின் குறிப்புகளில் 1.2-லிருந்து 1.7 வரை போகலாம் என்று இருக்கிறது, அந்த மட்டத்தில் இது நான்காம் வகுப்பு. ஓர் ஆறு எவ்வளவு கடினம் என்று சொல்ல உலகம் முழுக்கப் புழங்கும், 6 வகுப்புகள் கொண்ட அளவுகோல் இது. நான்கு என்றால் தண்ணீர் பலமாக இருக்கும், ஆனால் எப்படி நடந்துகொள்ளும் என்று ஊகிக்கலாம், படகைத் துல்லியமாகத் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தில் நீண்ட, தடைகள் நிறைந்த, முரட்டு ரேபிட்கள், அதாவது பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் வேக நீர், தண்ணீரில் விழுந்தால் தேர்ந்தவர்களுக்கே மீட்பது கடினம். அமெரிக்கன் வொயிட்வாட்டர் என்ற படகோட்டிகள் அமைப்பின் பாதுகாப்பு விதிகளில் ஒரு வரி இருக்கிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தாலோ, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நீண்ட பயணம் என்றாலோ அந்த ஆற்றை ஒரு வகுப்பு கூடுதலாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆறு பனி உருகி வருவது, 7 டிகிரி. ஆள் நடமாட்டமும் இல்லை. ஆக, எங்களுக்கு இது ஐந்தாம் வகுப்பின் வாசல். அதனால் மேல் எல்லை 1.7-லிருந்து 1.55 ஆனது. தோள் சரியாகித் தோழி படகில் ஏறி எட்டு மாதம்தான் ஆகிறது, இன்னொருவர் இந்த வருடம் மொத்தமே நான்கு நாள்தான் துடுப்புப் பிடித்திருக்கிறார். இன்னும் பத்து சென்டிமீட்டர் குறைத்தோம். 1.45.

கீழேயும் ஓர் எல்லை உண்டு, 1.2. தண்ணீர் குறைவாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பது சரியில்லை. நிறைய தண்ணீரில் நாம் மேலே மிதந்து கடந்துவிடுகிற பாறைகள் குறைந்த தண்ணீரில் பல் காட்டிக்கொண்டு நிற்கும், படகு மாட்டும் இடங்கள் பெருகும், பாறைகளுக்கு நடுவே சல்லடை மாதிரி தண்ணீர் மட்டும் நுழைந்து போகும் சந்துகள் வெளியே தெரியும். அந்தச் சந்தில் தண்ணீர் போகும், ஆள் போக முடியாது.

மட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு என் மனதில் எப்போதும் நிற்கும் உதாரணம் திபெத்தின் யார்லுங் சாங்போ பள்ளத்தாக்கு. 1998 அக்டோபரில் போன அமெரிக்கக் குழுவில் எல்லோரும் கைதேர்ந்தவர்கள். அந்த வருடத்துப் பெருமழைக்குப் பிறகு ஆறு அவர்கள் எதிர்பார்த்ததை விட மிக உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவரான டக் கார்டன் ஆற்றோடு போய்விட்டார். 2002-இல் ஸ்காட் லிண்ட்கிரன் தலைமையில் ஏழு பேர் அதே பள்ளத்தாக்குக்கு, தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் நடுக் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்துப் போனார்கள். மேல் பள்ளத்தாக்கைக் கடந்தார்கள். போக முடியாத இடம் வந்தபோது படகைத் தூக்கிக்கொண்டு பனி மலைக் கணவாய் வழியாக ஏறி வெளியே வந்தார்கள். 1998 குழுவைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் இறங்கியபோது ஆறு வேறாக இருந்தது.

அணை உள்ள ஆறு என்றால் கணக்கே வேறு. மேற்கு வர்ஜீனியாவின் காலி ஆற்றில் சம்மர்ஸ்வில் அணையிலிருந்து இலையுதிர் காலத்தில் படகோட்டிகளுக்காகவே முன்கூட்டி அறிவித்த நாட்களில் தண்ணீர் திறக்கிறார்கள், தேதியைப் பார்த்து விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். மின்சாரத்துக்காகத் திறக்கும் அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை, திறக்கும் நேரத்தை விசாரிக்காமல் இறங்கவே கூடாது. எங்கள் ஆற்றில் அணை இல்லை. பனியும் மழையும்தான் அதன் மதகு.

பனி ஆற்றுக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. மூன்று கோடைகாலத்தின் மணிவாரியான அளவுகளை எடுத்துத் தாளில் வரைந்து பார்த்தேன், அலை மாதிரி தினமும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். மலையில் பிற்பகலில் பனி அதிகமாக உருகுகிறது, அந்தத் தண்ணீர் எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்து சேர நள்ளிரவு ஆகிவிடுகிறது. முற்பகல் 10-லிருந்து 1 மணி வரை மிகக் குறைவு. போன முறை விடிந்ததும் இறங்குவதுதான் நல்லது என்று நினைத்து, இரவு ஏறிய தண்ணீர் வடிவதற்குள் கடினமான இடத்துக்குள் போய் நின்றோம். அவசரப்படாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரு சாண் தண்ணீர் குறைந்திருக்கும். இந்த முறை இரண்டாம் நாள் 9:30-க்கு முன்னால் யாரும் படகில் ஏறுவதில்லை. முகாம் போட்டதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைப்போம், காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பது. உங்கள் ஆற்றில் இந்த நேரமெல்லாம் மாறும், பனிக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பொறுத்தது.

அடுத்து வரைபடம். இதில் நான் நிறைய நேரம் செலவழித்தேன், பிடித்தும் செய்தேன். 38 கிலோமீட்டரில் ஆறு மொத்தம் 420 மீட்டர் இறங்குகிறது. வகுத்தால் கிலோமீட்டருக்கு 11 மீட்டர். போன முறை இந்தச் சராசரியைப் பார்த்துவிட்டுத்தான் 38-ஐ மூன்றால் வகுத்து ஒரு நாளைக்கு 13 கிலோமீட்டர் என்று எழுதினோம். சராசரி எதையும் சொல்வதில்லை. உயரக் கோடுகள் ஆற்றை வெட்டும் இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்து, கிலோமீட்டர் வாரியாக எழுதிப் பார்த்தால், 17-லிருந்து 21 வரை உள்ள நான்கு கிலோமீட்டரில் மட்டும் 100 மீட்டர் இறங்குகிறது, அதாவது கிலோமீட்டருக்கு 25. கோடுகள் அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. செயற்கைக்கோள் படத்தில் அதே இடம் நீளத்துக்கு வெள்ளையாகத் தெரிகிறது, நடுவில் பச்சையாகவோ கரும்பச்சையாகவோ அமைதியான நீர் எங்குமே இல்லை. ஒரு ரேபிட், பிறகு ஒரு கயம், மறுபடி ஒரு ரேபிட் என்று வரும் ஆற்றில் விழுந்தவரைக் கயத்தில் பிடித்துவிடலாம். இடைவெளியே இல்லாமல் ஓடும் இடத்தில் ஒரு தடவை விழுந்தால் நெடுந்தூரம் நீந்த வேண்டியிருக்கும்.

அதனால் நாட்களைப் பிரித்துவிட்டோம். முதல் நாள் 15 கிலோமீட்டர், இரண்டாம் நாள் வெறும் 6, மூன்றாம் நாள் 17. இரண்டாம் நாள் 6 தானா என்று கேட்கலாம். அந்த 6 கிலோமீட்டருக்குள் பதினோரு இடங்களில் கரையேறி, நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம் வைத்தால் நாலரை மணி நேரம் நடப்பதற்கும் பார்ப்பதற்குமே போய்விடும். துடுப்புப் போடும் நேரம் அதற்குப் பிறகுதான்.

பழைய குறிப்புகளைப் படித்துவிட்டேன், அதனால் இறங்கிப் பார்க்க வேண்டாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். ஆறு ஒரே இரவில் மாறும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கிரிஸ்டல் ரேபிட் 1966 டிசம்பர் வரை பெரிதாக யாரும் பேசாத இடம். அந்த மாதம் பெய்த மழையில் பக்க ஓடையிலிருந்து பாறையும் மண்ணும் அடித்து வந்து ஆற்றை நெருக்கி, அந்த ஆற்றின் மிகக் கடினமான ரேபிட்களில் ஒன்றாக ஆக்கிவிட்டது. பாறை கூட வேண்டாம், வெள்ளத்தில் சாய்ந்த ஒரு மரம் போதும். மரக்கிளைகளின் ஊடே தண்ணீர் வடிந்து போகும், நாம் அதில் ஒட்டிக்கொள்வோம். ஸ்ட்ரெய்னர் என்பார்கள். எனக்கு ஆற்றில் மிகவும் பயம் அதுதான், பெரிய அலைகளைவிட. போன வருடக் குறிப்பில் அது இருக்காது.

வெளியேறும் வழிகளுக்குத் தனியாக ஒரு பக்கம். 9-ஆம் கிலோமீட்டரில் இடது கரை, 3 கிலோமீட்டர் நடந்தால் சாலை. 16-இல் வலது கரை, எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆட்டுத் தடம். 21-இல் மறுபடி இடது கரை. 16-க்கும் 21-க்கும் நடுவில் எதுவும் இல்லை. ஆக, போவதா விடுவதா என்று முடிவெடுப்பதில் 16-தான் எங்களுக்கு இரண்டாவது பாலம் மாதிரி. அங்கே நிறுத்தி, குச்சிக் கணக்கைப் பார்த்து, ஐந்து பேரையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவது. 11 மணிக்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் அன்று அங்கேயே முகாம்.

வெளியேறும் வழி தெரிந்திருப்பதும் போதாது, எங்கே நிற்கிறோம், மிச்சம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். 1869-இல் ஜான் வெஸ்லி பவல் என்ற அமெரிக்க ஆய்வாளர் தன்னையும் சேர்த்துப் பத்து பேரும் நான்கு படகுமாக கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யனைக் கடக்கப் போனார். ஒரு படகு தொடக்கத்திலேயே உடைந்து சாப்பாட்டில் பெரும் பங்கு போயிற்று. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று, ஒரு பயங்கரமான ரேபிட்டின் மேல்முனையில் மூன்று பேர் இனி முடியாது என்று சொல்லி, பள்ளத்தாக்குச் சுவரில் ஏறிப் போய்விட்டார்கள். மீதிப் பேர் அந்த ரேபிட்டைக் கடந்து, இரண்டே நாளில் வர்ஜின் ஆறு கலக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஏறிப்போன மூன்று பேரும் திரும்பவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. முன்னால் என்ன இருக்கிறது என்று காட்டும் வரைபடம் அன்று உலகத்திலேயே கிடையாது. எங்களுக்கு இருக்கிறது. இருந்தும் போன முறை பார்க்காமல் போனோம் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆட்களைப் பற்றி. எங்களில் மூத்தவரிடம் போன மாதம் எங்களில் இளையவன் கேட்டான்.

"அண்ணே, ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா மீதி நாலு பேரும் நிக்கணுமா?"

"ஆமாடா. ஏன்னு கேக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகும் யாரால நின்னோம்னு பேசக் கூடாது."

இதையும் நோட்டில் எழுதிவிட்டோம். போன முறை பாலத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது, நான் சொல்லவில்லை. திரும்பி வந்து பேசும்போது தெரிந்தது, ஐந்து பேருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும்.

வேண்டாம் என்று சொல்வது சுலபமாக இருக்க இன்னொன்றும் செய்திருக்கிறோம். பாலத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் வேறொரு ஆறு, மூன்றாம் வகுப்பு, பனித் தண்ணீர் இல்லை, கரையோரமாகவே சாலை. அதற்கும் இதே மாதிரி முழுத் திட்டம் தயார், மூன்று நாளுக்கு முகாம் இடங்கள் உட்பட. விட்டால் வீடு என்று இருக்கும்போது யாருக்கும் விட மனம் வராது. போக இன்னொரு நல்ல ஆறு இருந்தால் பேச்சே மாறிவிடுகிறது.

உபகரணங்களைப் பற்றி நிறைய பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாக விடுகிறேன். நல்ல லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், விசில், எளிதில் எடுக்கிற இடத்தில் கத்தி, குழுவுக்கு ஒரு உபரித் துடுப்பு, மாட்டிய படகை இழுக்கக் கப்பிகளும் கயிறும், முதலுதவிப் பெட்டி. பள்ளத்தாக்கில் போன் எடுக்காது, அதனால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி. சுவர்கள் நெருங்கிய இடத்தில் வானம் கொஞ்சமாகத் தெரிவதால் அதற்கும் செய்தி போக நேரம் எடுக்கும், அனுப்பியதும் பதில் வரும் என்று நினைக்கக் கூடாது. வீட்டில் ஒருவரிடம் திட்டத்தின் நகல் இருக்கிறது: மூன்றாம் நாள் இரவு 9 மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் யாரை அழைப்பது, எந்தக் கரையிலிருந்து தேடுவது என்பது வரை. அப்புறம், கீழே கரையேறும் இடத்தில் விட்டுவைக்கும் வண்டியின் சாவி. அது மேலே நிற்கும் வண்டியில் பத்திரமாக இருந்து என்ன பிரயோஜனம்? சாவி என் ஜாக்கெட்டின் உள் பையில், கயிற்றில் கட்டி.

உடையில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை, ஐந்து பேருக்கும் ட்ரை சூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத உடை. மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்ந்த நீரில் மனித உடல் என்ன ஆகிறது என்று வருடக்கணக்காக ஆராய்ந்தவர். அவர் சொல்லும் கணக்கு 1-10-1. ஜில்லென்ற தண்ணீரில் விழுந்ததும் மூச்சு இரைக்கும், அதைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம் வரைதான். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். நடுவில் இருக்கிற பத்துதான் எனக்கு முக்கியம். ஏனென்றால் பதினோராவது நிமிடத்தில் கயிறு கைமேல் விழுந்தாலும் விரல் மடங்காது.

அதனால் கயிறு. ஒன்றரை மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் கயிறு எறிகிறோம். த்ரோ பேக் என்பது 20 மீட்டர் மிதக்கும் கயிற்றை உள்ளே திணித்து வைத்த ஒரு சின்னப் பை. கயிற்றின் நுனியை இடது கையில் பிடித்து, "கயிறு!" என்று கத்தி, அவர் நம்மைப் பார்த்த பிறகு, பையை அவர் தலைக்கு மேலே தாண்டிப் போய் விழும்படி எறிய வேண்டும், கயிறு அவர் மேல் குறுக்கே விழும். முதல் எறி தவறினால் கயிற்றை மறுபடி பைக்குள் திணித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. கையில் வளையம் வளையமாகச் சுற்றி எடுத்து, பைக்குள் கொஞ்சம் தண்ணீர் மொண்டு எடைக்கு வைத்து, உடனே எறிய வேண்டும். இந்த இரண்டாவது எறியைத்தான் நான் அன்று கோட்டைவிட்டேன், ஈரக் கயிறு சிக்கிக்கொண்டது. இப்போது முதல் எறியைப் பழகுவதை விட இரண்டாவதைத்தான் அதிகம் பழகுகிறேன். பத்து வினாடிக்குள் சுற்றி எறிய வேண்டும் என்று வைத்திருக்கிறேன், போன ஞாயிறு பத்துக்கு ஏழு தடவை விழுந்தது. கயிற்றைப் பிடிப்பவரும் பழக வேண்டும்: கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, மல்லாந்து, கயிறு தோளுக்கு மேலே போகும்படி மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். நீந்தும்போது கால் தரையில் படுகிறதே என்று ஓட்டத்தின் நடுவில் எழுந்து நிற்கவும் கூடாது. பாதம் இரண்டு கற்களுக்கு நடுவில் சிக்கினால் இடுப்பளவு தண்ணீரே ஆளை மடக்கிக் கீழே அமுக்கிவிடும்.

சைகைகளையும் ஒரு தடவை எல்லோருமாகச் செய்து பார்த்துவிட்டோம், ஆற்றின் இரைச்சலில் பேச்சு கேட்காது. துடுப்பு செங்குத்தாக நின்றால் வா, படுக்கையாக இருந்தால் நில், தலையில் தட்டினால் நலம், விசில் மூன்று முறை என்றால் ஆபத்து. கை நீட்டிக் காட்டினால் எப்போதும் போக வேண்டிய பக்கம்தான், ஆபத்து இருக்கும் பக்கத்தை யாரும் காட்டுவதில்லை. இதில் ஒருவர் மாற்றிப் புரிந்துகொண்டால் போதும்.

இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மேல்மலையில் வாரக் கடைசியில் மழை வரலாம் என்று முன்னறிவிப்பு. மட்டம் இணையத்தில் மணிக்கு ஒரு தடவை வருகிறது, எழுந்ததும் பார்க்கிறேன், தூங்கப் போகும்போது பார்க்கிறேன். நேற்று முற்பகலில் 1.38, நள்ளிரவில் 1.47. இன்று காலை தோழி போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, எடுத்ததும் "1.40" என்றார். பார்த்தேன் என்றேன். மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். இரண்டாவது ஆற்றின் வரைபடத்தை அச்சடித்து விட்டாயா என்று கேட்டார். இல்லை, இன்றைக்கு அச்சடித்துவிடுகிறேன் என்றேன். இரண்டு பிரதி எடு, ஒன்று நனைந்துவிடும் என்றார்.